தௌ, தீ, யீ: பழைய ஆங்கிலச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிப் பாடத்தில் ஷேக்ஸ்பியர், சர்ச்சில் கிங் ஜேம்ஸ் பைபிள், பீரோவில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம். பழைய ஆங்கிலம் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். கேள்விகளும் அங்கிருந்தே வருகின்றன. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டிவிடுவோம், அதில் ஆபத்தில்லை. தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் ஏமாந்துபோகிறோம். அதனால் இந்தப் பக்கத்தில் அந்த வகைச் சொற்களுக்குத்தான் அதிக இடம்.

ஷேக்ஸ்பியர் எழுதியதுதானே 'ஓல்டு இங்கிலீஷ்'?

இல்லை. 'ஓல்டு இங்கிலீஷ்' என்று மொழியியலில் சொல்வது ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 1100 வரை இருந்த மொழியை. 'பேவுல்ஃப்' காவியம் அதில் எழுதப்பட்டது. இன்றைய லண்டன்காரரே அதை வேற்றுமொழி போலப் படித்துத்தான் கற்க வேண்டும். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக உள்ளே வந்தன. அப்படிக் கலந்த மொழி 'மிடில் இங்கிலீஷ்'. 1400-இல் இறந்த கவிஞர் சாசர் அந்தக் காலத்தவர். ஷேக்ஸ்பியரும் (1564–1616), 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளும் அதற்கும் பிந்தியவை. மொழியியலார் கணக்கில் அது நவீன ஆங்கிலத்தின் தொடக்க காலம். இங்கே பேசப்போவதும் அந்தக் காலத்து ஆங்கிலம்தான்.

தௌ, தீ, தை, தைன், யீ: இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

தமிழ் தெரிந்தவருக்கு இது மிக எளிது. 'தௌ' என்றால் நீ. 'தீ' என்றால் உன்னை, உனக்கு. 'தை' என்றால் உன். 'தைன்' என்றால் உன்னுடையது. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'தை'க்குப் பதிலாகவும் 'தைன்' வரும், 'அ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆன்' வருகிற மாதிரி. 'மைன் ஐஸ்' (என் கண்கள்) என்று பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் வருவதும் இதே காரணத்தால்தான்.

'யீ' என்றால் நீங்கள். 'யூ' என்றால் உங்களை, உங்களுக்கு. ஆமாம், இன்று எல்லாவற்றுக்கும் போட்டு அடிக்கிற 'யூ' அன்று இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமைக்கு மட்டும் உரிய பன்மைச் சொல். யோவான் 15:16-இல் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன: 'யீ ஹேவ் நாட் சோசன் மீ, பட் ஐ ஹேவ் சோசன் யூ.' நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு லூக்கா 22:31–32-ஐ எடுத்துப் பாருங்கள். இயேசு சீமோன் பேதுருவிடம் பேசுகிறார். சாத்தான் 'யூ'வைக் கோதுமைபோலப் புடைக்கக் கேட்டுக்கொண்டான், நானோ 'தீ'க்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். முதலில் வருவது பன்மை, சீடர்கள் எல்லாரும். அடுத்தது ஒருமை, பேதுரு மட்டும். ஆபத்து எல்லாருக்கும், ஜெபம் அவன் ஒருவனுக்காக. இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் 'யூ' என்றே போட்டுவிட்டால் இது தெரியாமலே போய்விடும். தமிழ் வேதாகமத்தில் 'உங்களை', 'உனக்காக' என்று அப்படியே நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலேயரைவிட நமக்கு வசதி அதிகம்.

'தௌ' என்பது மரியாதையான சொல் இல்லையா? கடவுளை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்?

நேர் எதிர். அது 'நீ'தான். 13-ஆம் நூற்றாண்டு முதல் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, பெரியவர்களைப் பன்மையில் அழைக்கும் வழக்கம் ஆங்கிலத்திலும் பரவியது. மேலே இருப்பவருக்கு 'யூ', கீழே இருப்பவருக்கும் நெருங்கியவருக்கும் 'தௌ'. 1603-இல் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் கோபத்தில் 'ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்' என்று கத்தினார். 'தௌ'வையே வினைச்சொல்லாக்கி, 'உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகியே' என்கிறார். நம்மூரில் வாய்ச்சண்டை முற்றி 'வாங்க' என்பது 'வாடா' ஆகிற அதே கணம்.

அந்த 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வேறு முடிவெடுத்தார்கள். கடவுள் முன் எல்லாரும் சமம் என்றால் யாருக்கும் பன்மை தேவையில்லை என்று நீதிபதியையும் பிரபுவையும் 'தௌ', 'தீ' என்றே அழைத்தார்கள். ஏச்சும் அடியும் வாங்கினார்கள்.

அப்புறம் ஏன் இன்று அது தெய்வீகமாகக் கேட்கிறது? பேச்சில் 'தௌ' செத்துப்போய், ஜெபத்திலும் கவிதையிலும் மட்டும் தங்கிவிட்டதால். கேட்கும் இடம் கோயிலாகவே இருந்தால் சொல்லுக்கும் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளும். யார்க்‌ஷர் பக்கத்துக் கிராமங்களில் 'தீ', 'தா' என்று வட்டார வழக்கில் இது நீடித்தது. அங்கே அதில் ஒரு தெய்வீகமும் கிடையாது. மற்றபடி கடவுளை 'நீ' என்று கூப்பிடுவது நமக்கென்ன புதிதா?

வினைச்சொல்லில் வரும் 'எஸ்ட்', 'எத்' எதற்கு?

'தௌ' வந்தால் வினையில் 'எஸ்ட்': தௌ கோயெஸ்ட், தௌ ஹாஸ்ட். 'ஹீ', 'ஷீ' வந்தால் 'எத்': ஹீ கோயெத், ஹீ ஹாத். இன்றைய 'கோஸ்', 'ஹாஸ்' இருக்கும் இடம். 'சே' (சொல்) என்பதன் 'எத்' வடிவத்தை 'சேயித்' என்று இழுக்காமல் 'செத்' என்று படிப்பது மரபு. 'அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்' என்பதில் வரும் 'ஆர்ட்'டுக்கும் ஓவியத்துக்கும் சம்பந்தமில்லை. அது 'தௌ'வோடு சேரும் 'ஆர்'.

'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்றால் 'ரோமியோ, எங்கே இருக்கிறாய்' என்றுதானே?

கல்லூரி நாடகங்களில் ஜூலியட் வேடம் போடுகிறவர்கள் பால்கனியில் நின்று நெற்றியில் கைவைத்து இருட்டில் தேடுவது இந்த எண்ணத்தால்தான். 'வேர்ஃபோர்' என்றால் ஏன், எதற்காக. அதற்கு விடையாக வருவது 'தேர்ஃபோர்', ஆகையால். 'நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?' என்பதுதான் அவள் புலம்பல். காதலித்தவன் தன் குடும்பத்துக்குப் பகையான மாண்டேக் வீட்டுப் பிள்ளையாகவா இருந்து தொலைய வேண்டும் என்கிறாள். அடுத்த வரிகளில் உன் அப்பனை மறுத்துவிடு, பெயரை விட்டுவிடு என்று தொடர்வதைப் பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும். கீழே அவன் நிற்பதே அவளுக்கு அப்போது தெரியாது.

ஹிதர், திதர், விதர், ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் எல்லாம் குழப்புகிறதே?

தமிழின் இ, அ, எ சுட்டெழுத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. ஹியர், தேர், வேர்: இங்கே, அங்கே, எங்கே. அவற்றோடு 'நோக்கி' சேர்ந்தால் ஹிதர், திதர், விதர். 'இருந்து' சேர்ந்தால் ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். 'இருந்து' உள்ளேயே இருப்பதால் 'ஃப்ரம் வென்ஸ்' என்பது தவறு என்று இலக்கணப் புலிகள் சொல்வார்கள். ஆனால் கிங் ஜேம்ஸ் பைபிளின் 121-ஆம் சங்கீதத்திலேயே 'ஃப்ரம் வென்ஸ் கமெத் மை ஹெல்ப்' என்று வருகிறது. நான் சங்கீதக்காரர் பக்கம்.

பாஸ்போர்ட்டில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கிறது. 'லெட்' என்றால் அனுமதிப்பதுதானே? அனுமதி இல்லாமல் என்றா பொருள்?

நல்ல சந்தேகம். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்தால் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போக விடுங்கள், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் வாசகத்தை ஒட்டியது.

ஆங்கிலத்தில் 'லெட்' என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் இருந்தன. ஒன்றுக்குப் பொருள் விடு, மற்றதற்குப் பொருள் தடு. ஆயிரம் ஆண்டுக்கு முன் இரண்டுக்கும் ஒலி வேறு. பிற்பாடு தேய்ந்து தேய்ந்து ஒரே உருவமாகிவிட்டன. ஒரே சொல் போட்டால் போக விடச் சொல்கிறாரா, மறிக்கச் சொல்கிறாரா என்று தெரியாத நிலை வந்தால் மொழி ஒன்றைக் கைவிட்டுத்தானே ஆக வேண்டும்? 'தடு' தோற்றுப்போனது. ஆனால் ஹாம்லெட் தன்னைப் பிடித்து நிறுத்தும் நண்பர்களிடம், என்னை 'லெட்' செய்பவனைப் பேயாக்கிவிடுவேன் என்று சீறும்போது தடுப்பவனைத்தான் சொல்கிறான். டென்னிஸில் வலையை உரசி விழும் சர்வீஸை 'லெட்' என்பதும் இந்தத் தடைதான்.

கிங் ஜேம்ஸ் பைபிளில் சொல்லெல்லாம் தெரிந்ததாகவே இருக்கிறது, வாக்கியம் மட்டும் புரியவில்லை. ஏன்?

1611-க்குப் பிறகு அந்தச் சொற்கள் இடம் மாறிவிட்டன. 'சஃபர் த லிட்டில் சில்ட்ரன்' என்பதில் யாரும் துன்பப்படவில்லை. 'சஃபர்' என்றால் அனுமதி. தமிழில் 'இடங்கொடுங்கள்' என்று இருக்கும். 'ப்ரிவென்ட்' என்றால் முந்திக்கொள். லத்தீனில் முன்னே வருவது என்பதே அதன் மூலம். முந்திப் போய் நின்றவன் வழியை மறிக்கத்தானே செய்வான், அப்படி வந்தது இன்றைய பொருள். 'கான்வர்சேஷன்' என்றால் பேச்சு அல்ல, நடத்தை. 'குயிக்' என்றால் உயிரோடிருப்பவர், அதனால்தான் 'த குயிக் அண்ட் த டெட்'. 'மீட்' என்று எழுத்தில் இரண்டு விதம். ஒன்று இறைச்சி என்று நாம் நினைப்பது, அன்று எந்த உணவுக்கும் அது பெயர். மற்றது 'ஏற்ற' என்னும் பொருளுடையது. ஆதாமுக்குக் கடவுள் படைத்த 'ஹெல்ப் மீட்' என்பது 'ஏற்ற துணை'. பிற்காலத்தார் இரண்டையும் ஒரே சொல்லாக ஒட்டிப் படித்ததில் மனைவிக்கு 'ஹெல்ப்மீட்' என்று புதுப் பெயரே உருவாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது எரேமியா 24-ஆம் அதிகாரம். அங்கே தின்ன முடியாத 'நாட்டி ஃபிக்ஸ்' வருகின்றன. குறும்பு செய்யும் அத்திப்பழங்கள் அல்ல, கெட்டுப்போனவை. 'நாட்' என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுக்கும் உதவாதது 'நாட்டி'. அது முதலில் கெட்டதாகி, பிறகு கொடியதாகி, கடைசியில் சுவரில் கிறுக்கும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது.

மாற்கு 6:25-ஐயும் பாருங்கள். ஏரோதியாளின் மகள் யோவான் ஸ்நானனின் தலையை 'பை அண்ட் பை', 'இன் எ சார்ஜர்' கேட்கிறாள். 'பை அண்ட் பை' என்றால் இன்று 'போகப் போக'. அன்று 'இப்பொழுதே'. 'சார்ஜர்' என்பது பெரிய தட்டு. இரண்டு சொல்லையும் இன்றைய பொருளில் எடுத்தால் அந்தப் பெண் செல்போன் கடையில் நிற்பதுபோல் இருக்கும்.

சந்தேகம் வரும் இடத்தில் பக்கத்தில் தமிழ் வேதாகமத்தின் பழைய பதிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அது எபிரெய, கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. 1611-இன் ஆங்கிலத்துக்கு இதைவிட நல்ல உரை தமிழருக்கு வேண்டாம்.

'அனான்', 'ப்ரெசன்ட்லி' என்றால் உடனேயா, பிறகா?

எழுதிய காலத்தைப் பொறுத்தது. 'அனான்' ஒரு காலத்தில் உடனே. 'ப்ரெசன்ட்லி'யும் உடனே. மேலே பார்த்த 'பை அண்ட் பை'யும் உடனே. ஏன், 'சூன்' கூடப் பழைய ஆங்கிலத்தில் உடனேதான். எல்லாம் நழுவி 'கொஞ்ச நேரம் கழித்து' ஆகிவிட்டன. உடனே வருகிறேன் என்று சொல்கிறவர் உடனே வருவதில்லை, அவ்வளவுதான் விஷயம். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தில் மதுக்கடைப் பையன் ஃபிரான்சிஸ் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் 'அனான், அனான், சார்' என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பான், போகத்தான் மாட்டான். நம்மூர் ஓட்டலில் 'இதோ வந்துட்டேண்ணே'.

'நைஸ்', 'சில்லி' இரண்டும் இடம் மாறிவிட்டன என்கிறார்களே?

ஏறக்குறைய. 'நைஸ்' லத்தீனில் 'அறியாதவன்' என்ற சொல்லிலிருந்து வந்தது, 1300 வாக்கில் அதற்கு மூடன் என்று பொருள். 'சில்லி' அருள்பெற்றவர் என்பதிலிருந்து கிளம்பி, கள்ளமில்லாதவர், பாவப்பட்டவர் என்று இறங்கி முட்டாளில் முடிந்தது. 'பாவம்' என்று இரங்கிச் சொல்வதே நாளடைவில் இளக்காரமாகிவிடுகிறது.

கடைப் பலகைகளில் 'யீ ஓல்டி ஷாப்' என்று எழுதுகிறார்களே, அது மேலே சொன்ன 'யீ'தானா?

இல்லை. அது வெறும் 'த'. ஆங்கிலத்தில் முன்பு 'த' ஒலிக்கென்றே 'தார்ன்' என்று ஓர் எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது நாளடைவில் 'ஒய்' போல ஆனது. அச்சு வந்தபோது ஐரோப்பாவிலிருந்து வந்த எழுத்துகளில் தார்ன் இல்லை, அச்சுக்கோப்பவர்கள் 'ஒய்'யைப் போட்டு ஒப்பேற்றினார்கள். படித்தவர்கள் எப்போதும் 'த' என்றே படித்தார்கள். இன்றைய 'யீ ஓல்டி' சுற்றுலாப் பயணிகளுக்கான ஜோடனை.

பத்திரங்களில் வரும் 'விட்னெசெத்', 'தீஸ் ப்ரெசன்ட்ஸ்' எல்லாம் என்ன?

'நௌ திஸ் டீட் விட்னெசெத்' என்பதில் இருப்பது மேலே சொன்ன அதே 'எத்'. இந்தப் பத்திரம் சாட்சி சொல்கிறது என்று பொருள். பேச்சில் நூற்றாண்டுகளுக்கு முன் போன விகுதி முத்திரைத்தாளில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. 'நோ ஆல் மென் பை தீஸ் ப்ரெசன்ட்ஸ்' என்பதில் பரிசுப்பொருள் எதுவும் இல்லை. 'ப்ரெசன்ட்ஸ்' என்றால் இந்த ஆவணம். 'டு விட்' என்றால் அதாவது. 'அஃபோர்செட்' என்றால் மேற்படி, நம் பழைய பத்திர எழுத்தர்கள் 'ஷை' என்று ஒரு சுழி சுழிப்பார்களே, அது. 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' போன்ற இரட்டைகள் ஏன் என்றால், நார்மன்களுக்குப் பிறகு நீதிமன்றத்தில் பிரெஞ்சும் லத்தீனும், தெருவில் ஆங்கிலமும் இருந்தன. எதற்கு வம்பென்று இரண்டையும் எழுதிவைத்தார்கள்.

சர்ச் கல்யாணத்தில் 'ப்ளைட் தீ மை ட்ரோத்' என்பதற்கு?

'ப்ளைட்' உறுதிகொடு, 'ட்ரோத்' உண்மை, வாக்கு. 'ட்ரூத்'தின் உடன்பிறப்பு. நிச்சயதார்த்தத்துக்கான 'பெட்ரோத்தல்' அதிலிருந்து வந்தது. அதே உறுதிமொழியில் 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்று முன்பின்னாக இருக்கிறதே, அதற்கும் காரணம் உண்டு. 1549-இன் ஜெபப் புத்தகத்தில் 'டில் டெத் அஸ் டிபார்ட்' என்று இருந்தது. அன்று 'டிபார்ட்' என்றால் பிரித்துவிடு. பிறகு அது 'கிளம்பு' என்று மாறிப்போனதால் 1662-இல் நடுவே வெட்டி 'டூ பார்ட்' ஆக்கினார்கள். ஒலியும் கெடவில்லை, பொருளும் கெடவில்லை. சாமர்த்தியமான வேலை.

'ஃபார்ட்நைட்' வழக்கொழிந்த சொல்லா?

பிரிட்டனிலும் நம்மிடமும் இல்லை. அமெரிக்கர்களுக்குத்தான் அது பழசு. பதினான்கு இரவு. 'செனைட்' என்று ஏழு இரவும் இருந்தது, ஜேன் ஆஸ்டின் காலம் வரை ஓடியது, பிறகு 'வீக்' அதை விழுங்கிவிட்டது.

இங்கிலாந்தில் செத்து நம்மிடம் வாழும் சொற்கள் உண்டா?

தாராளமாக. காரின் 'ஸ்டெப்னி'யை லண்டன் மெக்கானிக்கிடம் கேட்டால் விழிப்பார். 1900-களின் தொடக்கத்தில், வேல்ஸின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் உதிரிச் சக்கரம் தயாரித்த நிறுவனத்தின் பெயர் அது. அங்கே மறந்துவிட்டார்கள், இங்கே பஞ்சர் கடைக்குக் கடை வாழ்கிறது. 'டிக்கி' என்பது பழைய வண்டிகளில் பின்னால் இருந்த மடக்கு இருக்கை. 'டிபன்' 18-ஆம் நூற்றாண்டின் 'டிஃபிங்' என்ற கொச்சைச் சொல்லின் வாரிசு, சாப்பாட்டுக்கு இடையில் ஒரு மடக்குக் குடிப்பது. இங்கே அது குடியை விட்டு இட்லிக்கு மாறியது. மருந்து கலக்கிக் கொடுத்த 'கம்பவுண்டர்' இப்போது நம்மிடமும் மறைந்துகொண்டிருக்கிறார்.

நான் எழுதும்போது இவற்றைப் பயன்படுத்தலாமா?

வாழ்த்து அட்டை, நாடகம், கேலி: தாராளமாக. விகுதியை மட்டும் சரியாகப் போடுங்கள். 'தௌ ஹாஸ்' தவறு, 'தௌ ஹாஸ்ட்' சரி. 'ஐ கோயெத்' தவறு, 'நான்' வந்தால் வினைக்கு வாலே கிடையாது. பலரைக் கூப்பிட 'தௌ' போடாதீர்கள், அங்கே 'யீ'. அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். 'டூ த நீட்ஃபுல்' ஒரு காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளே எழுதியதுதான், நம் ஃபைல்களில் இன்னும் ஓடுகிறது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதினால், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு இன்னொரு மெயில் வரும். வேண்டியதை நேரடியாகவே எழுதிவிடுங்கள்.